கியாந்தியின் வெள்ளைச் சாலைகள்: சமவெளியில் ஓட்டிப் பழகியவருக்கு ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இது: "சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாரம் மூன்று நாள் சைக்கிள் ஓட்டுகிறேன். 80 கிலோமீட்டர் எனக்குச் சாதாரணம். அக்டோபரில் இத்தாலி போகிறேன். டஸ்கனியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே கிராவல் சைக்கிளில் (சரளைச் சாலைக்கான அகல டயர் சைக்கிள்) ஐந்து நாள் சுற்ற ஆசை. மலைப்பகுதி, மண் சாலை என்கிறார்கள். என்னால் முடியுமா? எந்தப் பாதை, எந்த மாதிரி வண்டி, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்?"

முடியும். தாராளமாக முடியும். ஆனால் அந்த 80 என்ற எண்ணைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நான் புளோரன்சில் வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் இலையுதிர் காலத்தில் ஒரு வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு டஸ்கனியின் ஒயின் குன்றுப் பகுதியான கியாந்திக்குப் போனவன், அதன்பின் ஒரு வருடம்கூடப் போகாமல் இருந்ததில்லை. அந்த முதல் நாளில் நானும் உங்களைப் போலத்தான் கிலோமீட்டரில் கணக்குப் போட்டிருந்தேன். அங்கே தூரம் கிலோமீட்டரில் இல்லை, ஏற்ற மீட்டரில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் போனால் சராசரியாகப் பதினெட்டு, இருபது மீட்டர் ஏறியிருப்பீர்கள். ஆக 50 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றம். அதுவும் ஊட்டி மலை மாதிரி ஒரே ஏற்றமாக வராது. நூறு மீட்டர் ஏறி, எண்பது மீட்டர் இறங்கி, மறுபடி நூற்றிருபது ஏறி, நாள் முழுக்க இப்படியே போகும். சரளையும் சேரும்போது மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர்தான் நடைமுறை வேகம். ஆகவே ஒரு நாளைக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரம் சீட்டில், இரண்டு மணி நேரம் மதில் மேல் உட்கார்ந்து வேடிக்கை என்று அந்த நாள் நிறைந்துவிடும்.

பாதையைச் சொல்லுமுன் அந்தச் சாலைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெரிந்துகொண்டு ஓட்டினால் அது வேறு பயணம்.

இத்தாலியர்கள் இவற்றை 'ஸ்த்ராதே பியாங்கே', வெள்ளைச் சாலைகள் என்கிறார்கள். சுண்ணாம்புக் கல்லும் களிப்பாறையும் நொறுங்கிக் கலந்த சாலை. வெயிலில் கண் கூசும் அளவுக்கு வெளுத்திருக்கும். இவை சுற்றுலாவுக்காகப் போட்டவை அல்ல. நூற்றாண்டுகளாக இந்தப் பகுதி பங்குச் சாகுபடியில் இருந்தது. நிலம் பிரபுவுடையது, உழைப்பு குடியானவனுடையது, விளைச்சலில் பாதிக்குப் பாதி. 'மெட்சாத்ரியா' என்று பெயர். ஒவ்வொரு குடியானவக் குடும்பத்துக்கும் குன்றின் முதுகில் ஒரு கல்வீடு, அதைச் சுற்றிக் கொஞ்சம் கோதுமை, கொஞ்சம் ஆலிவ், நடுநடுவே மரத்தின் மேல் படரவிட்ட திராட்சைக் கொடி. அந்த வீடுகளையும் பிரபுவின் மாளிகையையும் தேவாலயத்தையும் இணைத்த மாட்டுவண்டித் தடங்கள்தான் இன்றைய வெள்ளைச் சாலைகளில் பெரும்பாலானவை. குன்றின் உச்சியிலேயே அவை வளைந்து வளைந்து போவதற்குக் காரணமும் அதுதான். வீடுகள் உச்சியில், ஆகவே சாலையும் உச்சியில்.

1950களிலும் 60களிலும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நிலத்தை விட்டு நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். 1964இல் புதிதாக மெட்சாத்ரியா ஒப்பந்தம் போடுவதைச் சட்டமே தடை செய்தது. வீடுகள் காலியாயின. ஆள் இல்லாத வீட்டுக்குப் போகும் சாலைக்கு யார் தார் போடுவார்கள்? அப்படித் தப்பித்தவைதான் இவை. இன்று அதே வீடுகள் விடுதிகளாகவும் ஒயின் பண்ணைகளாகவும் மாறிவிட்டன. சாலை மட்டும் அப்படியே இருக்கிறது.

முழுவதும் தானாகவும் தப்பிக்கவில்லை. ஊருக்குப் பணம் வந்ததும் தார் போடும் ஆசையும் வந்தது. 1997இல் ஜான்கார்லோ புரோச்சி என்ற உள்ளூர்க்காரர், காயோலே என்னும் சிற்றூரிலிருந்து 'எரோய்க்கா' என்ற சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார். முதல் வருடம் வந்தவர்கள் 92 பேர். பழைய சைக்கிள், பழைய கம்பளி உடை, பழைய சாலை. இந்தச் சாலைகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இவற்றில் ஆள் போய்வர வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். இன்று அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி ஆயிரக்கணக்கானவர்கள் அந்தச் சிற்றூருக்கு வருகிறார்கள். கலந்துகொள்ள 1987க்கு முந்தைய வடிவமைப்பில் உள்ள சைக்கிள் வேண்டும். கியர் நெம்புகோல் சட்டகத்தின் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும், பாதத்துக்கு வார்ப்பட்டை வேண்டும். அதன் நீண்ட பாதை 209 கிலோமீட்டர், ஏறக்குறைய பாதி சரளை. அந்தப் பாதை முழுக்க வருடம் பூராவும் அடையாளப் பலகைகள் நிற்கின்றன. எந்த நாளிலும், எந்தச் சைக்கிளிலும், பணம் கட்டாமல் ஓட்டலாம். உங்கள் ஐந்து நாளுக்கு நான் சொல்லப்போவது இந்தப் பாதையை ஒட்டியதுதான்.

இனி மண். இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயம் நினைவில் நிற்க வேண்டுமென்றால் அது இதுவாக இருக்கட்டும்: ஒயினைத் தீர்மானிக்கும் மண்தான் உங்கள் சக்கரத்துக்கு அடியிலும் இருக்கிறது. ஐந்து நாளில் நீங்கள் மூன்று வகை மண்ணைக் கடப்பீர்கள். மூன்றிலும் ஓட்டும் விதம் வேறு.

முதலாவது கியாந்தி. காயோலே, ராத்தா, காஸ்தெல்லினா என்ற மூன்று ஊர்களும் அதன் பழைய மையம். படங்களைப் பார்த்து முழுக்கத் திராட்சைத் தோட்டம் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். உண்மையில் இந்த மையத்தைச் சுற்றிய 'கியாந்தி கிளாசிக்கோ' ஒயின் பகுதியின் எல்லைக்குள் மூன்றில் இரண்டு பங்கு காடு. ஓக் மரமும் செஸ்நட் மரமும். தோட்டம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஆகவே நிழலில் அரை மணி நேரம் ஏறிக்கொண்டே இருப்பீர்கள், திடீரென்று காடு முடிந்து எதிரே ஒரு சரிவு முழுக்கத் திராட்சை வரிசை விரியும். அந்தத் திறப்புக்காகவே அந்த ஏற்றத்தை ஏறலாம்.

இங்கே மண்ணின் பெயர் 'கலெஸ்த்ரோ'. தட்டுத் தட்டாக உதிரும் களிப்பாறை. சாலையோரத்தில் வெட்டப்பட்ட மேட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். கையால் அழுத்தினாலே முறுக்கு மாதிரி நொறுங்கும். அதோடு கலந்து கிடப்பது 'அல்பரேசே' என்ற வெளிர்ந்த சுண்ணாம்புக் கல். அது கெட்டி, அங்குள்ள வீடு, மதில், கோட்டை எல்லாம் அந்தக் கல்தான். இரண்டிலும் தண்ணீர் தங்காது. கியாந்தி ஒயினின் முதன்மைத் திராட்சையான சாஞ்சோவேசேவுக்குக் கால் நனைந்து நிற்கப் பிடிக்காது, வேர் ஆழமாகப் போய்த் தண்ணீர் தேட வேண்டும். அதனால்தான் அது இங்கே நன்றாக வருகிறது. சைக்கிளுக்கும் அதே குணம் பயன்படுகிறது. இரவில் மழை பெய்தாலும் காலையில் கியாந்தியின் சரளை ஓட்டும்படி இருக்கும். தண்ணீர் வடிந்துவிட்டிருக்கும்.

முதல் நாள் காயோலேயில் தங்கி, புரோலியோ கோட்டைக்கு ஏறுங்கள். 1141 முதல் ரிக்காசோலி குடும்பத்தின் கையில் இருக்கும் கோட்டை. அந்தக் குடும்பத்துப் பெத்தினோ ரிக்காசோலி 1861இல் இத்தாலியின் பிரதமரானவர். கியாந்தி ஒயினில் எந்தத் திராட்சை முதன்மை, எது துணை என்று பல வருடம் சோதித்து 1872இல் எழுதி வைத்தவரும் அவர்தான். சாஞ்சோவேசே வாசனைக்கும் வலுவுக்கும், கனையோலோ கடுமையைத் தணிக்க, மால்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை சீக்கிரம் குடிப்பதற்கான ஒயினுக்கு மட்டும். இன்றைய விதிப்படி கியாந்தி கிளாசிக்கோவில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேசே. 2006 அறுவடையிலிருந்து வெள்ளைத் திராட்சை சேர்க்கவே கூடாது.

கோட்டைக்கு ஏறும் சாலை வெள்ளைச் சரளை. இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள் மதில் கட்டியது மாதிரி நிற்கும். எரோய்க்கா நாளில் விடியுமுன் கிளம்புகிறவர்களுக்காக இந்த ஏற்றம் முழுக்க ஓரத்தில் விளக்கு வைப்பார்கள். நான் ஒரு முறை சாதாரண நாளில், அக்டோபர் நடுவில், ஏழு மணிக்கு அங்கே ஏறினேன். மூடுபனி. முன்சக்கரத்துக்கு அப்பால் பத்தடிதான் தெரிந்தது. டயருக்கு அடியில் சரளை நெரியும் சத்தம், என் மூச்சு, அவ்வளவுதான். மேலே வந்து திரும்பிப் பார்த்தபோது பனி பள்ளத்தாக்கில் தேங்கிக் கிடந்தது. அதற்கு மேலே குன்றுகளின் முதுகு மட்டும் தீவு தீவாக. தென்மேற்கே வெகுதூரத்தில் சியேனா நகரத்துக் கோபுரம். சீக்கிரம் எழுந்ததற்கு அன்று கிடைத்தது அது.

இரண்டாம் நாள் ராத்தா, வல்யால்யி பக்கம் சுற்றுங்கள். ராத்தா 500 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிறது, ஏற்றம் அதிகம், கல்லடுக்கிக் கட்டிய பழைய படிக்கட்டு வயல்கள் இன்னும் சில இடங்களில் மிச்சமிருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே, டிராக்டர் போவதற்காகச் சரிவில் மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் நட்ட புதிய தோட்டங்களையும் பார்ப்பீர்கள். ஒரு மழைக்குப் பிறகு எந்தத் தோட்டத்தின் மண் சாலைக்கு இறங்கி வந்திருக்கிறது என்று கவனியுங்கள், புரிந்துவிடும்.

கியாந்தி கிளாசிக்கோ ஒயின் பாட்டில் கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை இருக்குமே, அதற்கும் ஒரு சவாரிக் கதை உண்டு. புளோரன்சும் சியேனாவும் எல்லைக்காகச் சண்டை போட்டுச் சலித்து, சேவல் கூவும்போது இரண்டு நகரத்திலிருந்தும் ஒரு குதிரைவீரன் கிளம்பட்டும், சந்திக்கும் இடம் எல்லை என்று முடிவு செய்தார்களாம். சியேனாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்கு நன்றாகத் தீனி போட்டு வளர்த்தார்கள். புளோரன்ஸ்காரர்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசியில் அது விடியுமுன்பே கூவிவிட்டது. புளோரன்ஸ் வீரன் முந்திக் கிளம்பி, சியேனாவுக்கு மிக அருகில் ஃபொந்தெருத்தோலி வரை வந்துவிட்டான். கர்ணபரம்பரைக் கதைதான். ஆனால் அந்தக் குன்றுகளில் ஏறி இறங்கிய பிறகு அந்தக் குதிரையின் மேல் எனக்குத் தனி மரியாதை. அந்த முத்திரைக்கு உரிய ஒயின் தயாரிப்பாளர் சங்கம் 1924இல் தொடங்கியது. அதற்கும் வெகுமுன்பே, 1716இல், மெடிச்சி பிரபு மூன்றாம் கோசிமோ ஓர் ஆணை போட்டுக் கியாந்தியின் எல்லையை வரையறுத்திருந்தார்.

மூன்றாம் நாள் தெற்கே காஸ்தெல்நுவோவோ பெரார்தெங்கா வழியாக இறங்குங்கள். அந்த ஊரைத் தாண்டியதும் காடு நின்றுவிடும். தோட்டமும் அநேகமாக நின்றுவிடும். இரண்டாவது வகை மண்ணான 'கிரேத்தே செனேசி' என்ற சாம்பல்நிறக் களிமண் பூமி தொடங்கும். முப்பது நாற்பது லட்சம் வருடங்களுக்கு முன்பு இது கடலடி. களிமண்ணில் தண்ணீர் இறங்காது, வெயிலில் வெடிக்கும், திராட்சைக்கு ஆகாது. ஆகவே கோதுமையும் ஆடும். அக்டோபரில் உழுது போட்டிருப்பார்கள். கண்ணுக்கு எட்டிய வரை சாம்பலும் பழுப்புமாக அலையலையான நிலம், ஒரு குன்றின் மேல் ஒற்றைச் சைப்ரஸ். "ஒயின் நாட்டில் ஓட்டத்தானே வந்தோம், இங்கே என்ன இருக்கிறது" என்று சிலர் இந்த நாளை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். இந்த மண்ணைப் பார்த்த பிறகுதான் மற்ற மண்ணில் ஏன் திராட்சை வளர்கிறது என்பது கண்ணால் தெரியும்.

காஸ்தெல்நுவோவோவுக்கும் அஷானோவுக்கும் நடுவே மோன்தே சாந்தே மரியே என்ற பகுதி, பதினொன்றரை கிலோமீட்டர் சரளை. 2007இல் தொடங்கிய ஸ்த்ராதே பியாங்கே தொழில்முறைப் போட்டியின் புகழ்பெற்ற பகுதி இதுதான். அந்தப் போட்டியை மூன்று முறை வென்ற ஃபாபியன் கான்செல்லாராவின் பெயர் பொறித்த கல் இங்கே இருக்கிறது. 2024இல் தாதேய் பொகாச்சர், முடிவுக்கோட்டுக்கு 81 கிலோமீட்டர் இருக்கும்போது, மழையில், இதே இடத்தில்தான் கூட்டத்தை விட்டுத் தனியாகக் கிளம்பி, கடைசிவரை தனியாகவே ஓட்டி வென்றார். போட்டிக்காரர்கள் அஷானோ பக்கமிருந்து வருவார்கள், நீங்கள் எதிர்த்திசையில் போவீர்கள். செங்குத்தாகச் சில இறக்கங்கள், உடனே அதே அளவு ஏற்றம். நிழலே கிடையாது. இரண்டு பாட்டில் தண்ணீர் இல்லாமல் இதில் நுழையாதீர்கள்.

மழை பெய்தால் என்ன செய்வது? சாலையின் மேல் சல்லி இருப்பதால் மெதுவாக ஓட்டிவிடலாம். சல்லியை விட்டு மட்டும் இறங்காதீர்கள். ஒரு முறை மழை விட்ட அரை மணி நேரத்தில், படம் எடுப்பதற்காகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வயலுக்குள் இருபது அடி போனேன். கரிசல் காட்டில் மழைக்குப் பிறகு நடந்தவர்களுக்கு இது தெரியும். டயரில் களி ஏறியது. ஒரு சுற்றில் இரண்டு விரல் கனம், மூன்று சுற்றில் முன்கவட்டுக்கும் டயருக்கும் நடுவே அடைத்து, சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. தூக்கினால் வண்டி இரண்டு மடங்கு கனம். குச்சியால் தோண்டிக்கொண்டிருந்தபோது டிராக்டரில் வந்த ஒரு பெரியவர் இறங்கி, ஒன்றும் பேசாமல், தன் கத்தியால் மறுபக்கம் சுரண்ட ஆரம்பித்தார். பாதி சுரண்டியதும் அவர் வீட்டுக் குழாயைக் காட்டிக் கழுவச் சொன்னார். கியரில் புகுந்திருந்த களி காய்ந்தால் சிமெண்ட் மாதிரி ஆகிவிடும், ஈரத்திலேயே கழுவு என்பதுதான் அவர் சொன்ன ஒரே விஷயம். அதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். நல்ல மழை நாளாக இருந்தால் இந்தப் பகுதியைத் தார்ச்சாலையில் கடந்துவிடுங்கள்.

நான்காம் நாள் அஷானோவிலிருந்து புவோன்கொன்வெந்தோ. வழியில் மோன்தே ஒலிவேத்தோ மஜ்ஜோரே மடாலயம், 1313இல் நிறுவப்பட்டது. செங்கல் கட்டடம், உள்முற்றத்துச் சுவர் முழுக்க சிஞ்ஞோரெல்லியும் சோதோமாவும் வரைந்த ஓவியங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஐந்தாம் நாள் மொந்தால்சீனோ. ஊர் 564 மீட்டர் உயரத்தில். புவோன்கொன்வெந்தோ பள்ளத்தாக்கிலிருந்து ஏறும்போது மண் மாறிக்கொண்டே வரும். இதுதான் மூன்றாவது: கீழே களிமண், மேலே போகப் போகக் கல். தோட்டங்கள் மறுபடி தொடங்கும். இந்த ஊர் ஒயின் புருனெல்லோ, சாஞ்சோவேசே மட்டும், வேறு கலப்பே இல்லை. அறுவடைக்குப் பிறகு ஐந்தாம் வருடம் ஜனவரி பிறந்தால்தான் விற்பனைக்கு வர முடியும், அதில் இரண்டு வருடமாவது மரப்பீப்பாயில். காஸ்திலியோன் தெல் போஸ்கோ பக்கமுள்ள சரளை ஏற்றத்தில் போனால் தார்ச்சாலை நெரிசலைத் தவிர்க்கலாம், ஆனால் கால் கேட்க வேண்டும். இத்தாலியைச் சுற்றிவரும் பெரிய சைக்கிள் போட்டியான ஜிரோ தித்தாலியாவில், 2010இல், இந்த ஊருக்கு வந்த நாள் கொட்டும் மழை. வெள்ளைச் சாலை சேறாகி, ஓட்டியவர்களின் முகமும் சட்டையும் அடையாளம் தெரியாமல் போயின. அன்று வென்ற கேடல் எவன்ஸ் உலகச் சாம்பியனுக்கான வானவில் சட்டையில் இருந்தார், வானவில்லே தெரியவில்லை.

வண்டிக்கு வருகிறேன். மூன்று விஷயம் பாருங்கள், மற்றதெல்லாம் வாடகைக் கடையில் உள்ளதே போதும்.

டயர் 40 மில்லிமீட்டர் அகலம், ட்யூப்லெஸ், உள்ளே ஓட்டையைத் தானாக அடைக்கும் சீலண்ட் திரவம் ஊற்றியது. உங்கள் எடை 70 கிலோ அளவில் இருந்தால் காற்று 30 முதல் 35 பிஎஸ்ஐ. சென்னையில் 90, 100 என்று அடித்துப் பழகியவர்களுக்குப் பஞ்சரான மாதிரி தோன்றும். பயப்பட வேண்டாம். காற்றை அதிகம் வைத்தால் ஒவ்வொரு கல்லுக்கும் சக்கரம் துள்ளும், ஏற்றத்தில் பிடிப்பு போய்விடும்.

இரண்டாவது கியர். முன் பற்சக்கரத்தில் எத்தனை பல்லோ, பின்னால் உள்ள பெரிய பற்சக்கரத்தில் அதே அளவாவது இருக்க வேண்டும், கூடுதலாக இருந்தால் உத்தமம். முன்னால் 40 என்றால் பின்னால் 42, 44. என் முதல் பயணத்தில் ஒரு வாடகைக் கடையில் கொடுத்த வண்டியில் முன்னால் 36, பின்னால் 28. "எல்லோரும் இதைத்தான் எடுக்கிறார்கள்" என்றார்கள், நான் எண்ணிப் பார்க்கவில்லை. ராத்தாவுக்கு முந்தைய ஏற்றத்தில் முழங்கால் போய்விட்டது. அடுத்த இரண்டு நாள் விடுதித் திண்ணையில் ஐஸ் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் நின்று பல்லை எண்ணுங்கள். ஒரு நிமிட வேலை.

மூன்றாவது பிரேக். டிஸ்க் பிரேக் இருக்கட்டும், பட்டை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். கிராவல் மின்சார சைக்கிள்களும் கிடைக்கின்றன. முழங்கால் சந்தேகமாக இருந்தால் கூச்சப்படாமல் அதை எடுங்கள். அங்கே எழுபது வயதுக்காரர்கள் அதில்தான் எல்லா இடமும் சுற்றுகிறார்கள்.

ஓட்டும் முறை. சமவெளிக்காரர்கள் ஏற்றம் வந்ததும் எழுந்து நின்று மிதிப்போம். சரளையில் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் சரிவு வந்தால் அது நடக்காது. எழுந்தால் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறையும், அது அங்கேயே சுழன்று கல்லை வாரி இறைக்கும், நீங்கள் நின்றுவிடுவீர்கள். சீட்டின் நுனிக்கு நகர்ந்து உட்காருங்கள், முழங்கையை மடித்து மார்பைத் தாழ்த்துங்கள், சின்னக் கியரில் வட்டமாக மிதியுங்கள். நின்றுவிட்டால் அந்தச் சரிவில் மறுபடி ஏறி மிதிக்க முயலாதீர்கள். சமமான இடம் வரும் வரை தள்ளிக்கொண்டு நடங்கள். எல்லோரும் நடக்கிறார்கள்.

இறக்கத்தில்தான் அடிபடுகிறார்கள், ஆகவே இதைப் பொறுமையாகப் படியுங்கள். சாலையில் கார் சக்கரம் போய்ப் போய் இரண்டு தடம் கெட்டியாக இருக்கும். நடுவிலும் ஓரத்திலும் உதிரிக் கல் குவிந்து கிடக்கும். தடத்திலேயே போங்கள். மாற வேண்டுமென்றால் வளைவில் மாறாதீர்கள், நேராக இருக்கும் இடத்தில், பிரேக்கை விட்டுவிட்டு, மெதுவாக மாறுங்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொட்டால் முன்சக்கரம் நழுவும், அது நழுவினால் காப்பாற்ற நேரமிருக்காது. கை ஹேண்டில்பாரின் கீழ்வளைவில், ஒவ்வொரு பிரேக்கிலும் ஒரு விரல் அல்லது இரண்டு விரல், இடுப்பு சற்றுப் பின்னால், பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில். இன்னொன்று, வளைவுக்குச் சற்று முன்னால் சாலை தகரக் கூரை மாதிரி அலை அலையாக இருக்கும். வண்டிகள் பிரேக் போடுகிற இடமெல்லாம் அப்படி ஆகிவிடும். சரியாக நீங்கள் பிரேக் போட வேண்டிய இடத்தில் டயர் தரையில் இருக்காது. ஆகவே அலை கண்ணில் பட்டதுமே, அதற்கும் முன்னால், வேகத்தைக் குறையுங்கள். கையை இறுக்கிப் பிடிக்காதீர்கள். வண்டி கீழே கொஞ்சம் ஆடும், ஆடட்டும்.

ஒயின் விஷயத்தில் என் கருத்து கண்டிப்பானது: ஓட்டி முடித்த பிறகுதான். இத்தாலியில் ரத்தத்தில் மது லிட்டருக்கு 0.5 கிராம் என்ற வரம்பு சைக்கிளுக்கும் பொருந்தும். சட்டத்தை விடுங்கள், மதியம் இரண்டு கோப்பைக்குப் பிறகு அந்த இறக்கங்களில் கை தாமதிப்பதை நானே உணர்ந்திருக்கிறேன். பண்ணைகளில் சுவைக்கக் கொடுக்கும்போது வாயில் சுழற்றித் துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், அதில் துப்புவது அவமரியாதை இல்லை. சுவைப்பதற்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். குடிக்காதவராக இருந்தாலும் பண்ணைக்குள் போங்கள். அக்டோபர் தொடக்கத்தில் நொதிக்கும் திராட்சைச் சாற்றின் வாசனை சாலை வரைக்கும் வரும். இட்லி மாவு பொங்கிய காலையில் சமையலறையில் அடிக்கும் அந்தப் புளித்த வாசனையும் நசுக்கிய பழவாசனையும் சேர்ந்தது மாதிரி. ஒரு தோட்டத்தில் அறுவடைக்காரர்கள் வேலியோரம் நின்ற எனக்கு ஒரு கொத்து சாஞ்சோவேசே வெட்டிக் கொடுத்தார்கள். சின்னச் சின்னப் பழம், தோல் கனம், உள்ளே கொட்டை, அவ்வளவு இனிப்பு. விரல் அன்று சாயங்காலம் வரை ஊதாவாக இருந்தது.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், நேரத்துக்கு மட்டும் கவலைப்படுங்கள். மதியம் இரண்டரைக்கு மேல் சமையலறையை மூடினால் இரவு ஏழு ஏழரைக்குத்தான் திறப்பார்கள். சைவம் என்றால் 'ரிபொல்லீத்தா' கேளுங்கள். பழைய ரொட்டி, பீன்ஸ், கீரை போட்டுக் கொதிக்கவைத்து மறுநாள் மறுபடி சூடாக்கிய கூழ். இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 'பிச்சி' என்ற தடித்த பாஸ்தாவும் பியென்சா ஊர் ஆட்டுப்பால் சீஸும் கால்வலிக்கு நல்ல மருந்து. தண்ணீர் ஊர்ச் சதுக்கத்துக் குழாயிலும், கிராமத்துக் கல்லறைத் தோட்டத்துக் குழாயிலும் பிடிக்கலாம். 'நோன் பொத்தாபிலே' என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள்.

அக்டோபர் நல்ல தேர்வு, ஆனால் முதல் பாதியாக இருக்கட்டும். பிந்தினால் மழை கூடும், ஆறரைக்கே இருட்டத் தொடங்கும். எரோய்க்கா நடக்கும் வார இறுதியில் காயோலேயில் அறை கிடைக்காது. அதற்கு அடுத்த வாரம் ஊர் அமைதியாகிவிடும். இலையுதிர் காலம் காட்டுப்பன்றி வேட்டைக் காலமும்கூட, காட்டுப் பகுதியில் ஆரஞ்சு அல்லது மஞ்சள் சட்டை போடுங்கள். கிரேத்தேயில் ஆட்டுமந்தைக்குக் காவலாகப் பெரிய வெள்ளை நாய்கள் நிற்கும். துரத்தினால் வேகம் கூட்டாதீர்கள். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே வைத்து, மந்தையை விட்டு விலகி மெல்ல நடந்தால் அது திரும்பிவிடும். அதன் வேலை ஆட்டைக் காப்பது.

இன்னும் சில மாதம் இருப்பதால் பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்றில் கனத்த கியரில் ஓட்டுவது கொஞ்சம் உதவும். அதைவிட, மாதம் ஒரு முறை ஏலகிரிக்குப் போய் அந்தப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளை ஒரே நாளில் இரண்டு முறை ஏறி இறங்குங்கள். இரண்டாவது ஏற்றம்தான் பயிற்சி. சரளைக்கு, ஊருக்கு வெளியே ஏரிக்கரை மண் சாலையில் காற்றைக் குறைத்துக்கொண்டு ஓட்டிப் பழகுங்கள். இறக்கத்தில் பின்பிரேக் மட்டும் போட்டால் சக்கரம் எப்படி இழுக்கிறது என்று உடம்புக்குத் தெரியட்டும்.

திரும்பும் வழி எளிது. மொந்தால்சீனோவிலிருந்து புவோன்கொன்வெந்தோ ரயில் நிலையத்துக்கு இறக்கம்தான். அங்கிருந்து சியேனாவுக்கும், சியேனாவிலிருந்து புளோரன்சுக்கும் உள்ளூர் ரயில்களில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வாங்கி அப்படியே ஏற்றலாம். அதிவேக ரயிலில் என்றால் பிரித்துப் பையில் போட வேண்டும். சியேனாவில் இரண்டு மணி நேரம் இருந்தால் ஸ்த்ராதே பியாங்கே போட்டி முடியும் வழியில் சாந்தா கத்தரினா தெருவைப் பாருங்கள். கல் பாவிய தெரு, 16 சதவீதம் வரை ஏற்றம், அது முடிந்து கொஞ்ச தூரத்தில் காம்போ சதுக்கம் கிண்ணம் மாதிரி கீழே திறக்கும். அங்கே ஓட்டாதீர்கள், கூட்டம் இருக்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சதுக்கத்தின் செங்கல் தரையில் உட்காருங்கள். டயரில் அப்போதும் அந்த வெள்ளைத் தூசி இருக்கும்.